சங்கராஜாவும் கோபால முதலியும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். கண்டி இராச்சியப் பாடத்தில் 1760ஆம் ஆண்டுச் சதியைச் சொல்லி முடித்த அன்று, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், அந்தப் பெரிய சாமி நல்லவரா, கெட்டவரா?"

அவன் கேட்டது வெலிவிட்ட சரணங்கர தேரரைப் பற்றி. 1698இல் பிறந்தவர். பதினாறு வயதில் துறவு பூண்டார். அக்காலத்தில் பௌத்த சங்கம் சீர்குலைந்திருந்தது. உபசம்பதா என்னும் முழுத் துறவு வழங்கத் தேவையான ஐந்து பிக்குகள்கூட நாட்டில் இல்லை. காணியும் குடும்பமுமாக வாழ்ந்த கணின்னான்சேமார் நடுவே, இவர் பிச்சைப் பாத்திரமேந்தி நடந்தார், பாளி கற்றார், தோழர்களைச் சேர்த்துச் 'சில்வத் சமாகம'வை அமைத்தார். சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைக்கும்படி அரசர்களிடம் மன்றாடினார். முதல் தூதுக்குழு கடலில் அழிந்தது. மூன்றாவது முயற்சி பலித்து, 1753இல் உபாலி தேரர் கண்டி வந்தார். அதே ஆண்டில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், சரணங்கரரைச் சங்கராஜா ஆக்கினான்.

ஏழே ஆண்டுகளில் அந்த மன்னனையே கொல்லச் சதி நடந்தது. அவன் நாயக்கர் வம்சத்தவன். திருநீறு பூசுவதை விடவில்லை என்பது பிரதானிகளின் குறை. அவர்களோடு சங்கராஜாவின் பெயரும் அடிபட்டது. சதியை மன்னனுக்கு அறிவித்தவர் அரண்மனை அதிகாரி கோபால முதலி. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அவர் முஸ்லிம். பிரதானிகள் சிலர் கொல்லப்பட்டனர். சங்கராஜா சிறைப்பட்டார்.

ஐரோப்பாவிலும் இப்படியொரு துறவி இருந்தார். 1294இல், ஈராண்டுக்கு மேல் இழுபட்ட தேர்தலுக்குப் பின், மொரோனே மலையில் தவமிருந்த பியெத்ரோவைப் பாப்பரசராக்கினார்கள். ஐந்தாம் செலஸ்தீன் என்ற பெயரோடு பதவியேற்ற அந்த முதியவர், அவ்வாண்டு டிசம்பர் 13இல் தாமே பதவி துறந்தார். அடுத்து வந்த பாப்பரசர் அவரைக் கோட்டையில் அடைத்து வைத்தார். 1296இல் அங்கேயே உயிர் பிரிந்தது.

கண்டியில் கதை வேறுவிதமாக முடிந்தது. மன்னன் சங்கராஜாவை மன்னித்து மீண்டும் பதவியில் அமர்த்தினான். 1778இல் அவர் மறையும்வரை சங்கப்பணி தொடர்ந்தது. அவருக்குப் பின் கண்டியில் அப்பதவி எவருக்கும் வழங்கப்படவில்லை.

நம் கூட்டங்களில் கோபால முதலியின் விசுவாசத்தைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிரே நின்றவரைச் சதிகாரர் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால், நம்மைப் பற்றி மற்றவர்கள் அப்படி ஒரே சொல்லில் எழுதும்போது நாம் எந்த வாயால் முறையிடுவது?

மாணவனுக்கு இப்படிச் சொன்னேன்: "நாற்பது வருஷம் நல்லது செய்தவர், மகன். ஒருமுறை அரசியலில் அகப்பட்டார். கொல்லவிருந்த மன்னனே அவரை மன்னித்தான். தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன அவசரம்?"