றொம்போட் சந்தை வழக்கு

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் 1965 வரை அடங்கியிருந்த றொம்போட் என்னும் ஊர் பண்டுதொட்டுச் சந்தையாற் பெயர் பெற்றது. அச்சந்தையின் வருமானத்தைக் குத்தகையாகப் பெற்றிருந்த ஒருவர், தம் மரணசாசனத்தில் அக்குத்தகையை ஒரு சிறுபிள்ளையின் நன்மைக்காகப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்புவித்தார். தவணை முடியுங்காலம் நெருங்கவே, பிள்ளையின் பொருட்டு அதனைப் புதுப்பிக்குமாறு பொறுப்பாளர் சந்தைக்குரியவரை வேண்டினார். அவர் மறுத்தார். மறுப்புக்குத் தக்க காரணமும் இருந்தது. நிலக்குத்தகையாயின், பணந்தவறினால் நிலத்திலுள்ள பொருளைக் கைப்பற்றலாம். சந்தை வருமானத்திற் கைப்பற்றுதற்கு யாதுமில்லை, உடன்படிக்கையொன்றே பிணை. பராயமடையாத பிள்ளையை உடன்படிக்கை கட்டுப்படுத்தாது. அதன்பின் பொறுப்பாளர் தம்பேரிலேயே குத்தகையைப் பெற்றுக்கொண்டார்.

பிள்ளைக்காக வழக்குத் தொடரப்பட்டது. 1726இல் சான்சரி மன்றிலே தீர்ப்பளித்த கிங் பிரபு, பொறுப்பாளர் வஞ்சனை செய்தாரெனக் கூறவில்லை. எனினும் குத்தகையைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்குமாறும், பெற்ற இலாபத்துக்குக் கணக்குக் காட்டுமாறும் பணித்தார். உலகில் வேறெவரும் அக்குத்தகையைப் பெறலாம். பொறுப்பாளர் ஒருவரே பெறலாகாது என்பது அவர் துணிபு. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால், மறுப்பு மெய்யானதா, பொறுப்பாளரே உள்ளூர விரும்பி வருவித்ததா என்பதை எந்த மன்று கண்டறியும்? மறுப்பினாற் பொறுப்பாளர்க்கு ஊதியம் உண்டாகுமாயின், பிள்ளைகளின் குத்தகைகள் புதுப்பிக்கப்படுவது அரிதாகிவிடும்.

காலச் சூழ்நிலையும் கருதத்தக்கது. 1720இல் தென்கடற் கம்பனியின் பங்குவிலை வீழ்ந்தபோது, சான்சரி மன்றின் அதிகாரிகள் சிலர் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட வழக்காளிகளின் பணத்தை இழந்திருந்தமை வெளிப்பட்டது. அப்பதவிகளை விலைக்கு விற்ற மக்கிள்ஸ்பீல்ட் பிரபு 1725இற் குற்றவாளியெனக் காணப்பட்டு, 30,000 பவுண் தண்டம் விதிக்கப்பெற்றார். அவருக்குப் பின் அப்பதவியேற்றவரே கிங் பிரபு. தீர்ப்பில் இச்செய்தி பேசப்படவில்லையாயினும், அதனைக் கேட்டோர் மறந்திருக்க மாட்டார்.

1802இல் எல்டன் பிரபு இக்கொள்கையை விற்பனைக்கும் வற்புறுத்தினார். பொறுப்பாளர் தாமே நம்பிக்கைச் சொத்தை வாங்குவாராயின், விலை எத்துணை நியாயமாயினும், பயன்பெறுவோர் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம். 1882ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும், அதனைப் பெரிதுந் தழுவிய இலங்கையின் 1917ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும் இம்மரபின் வழிவந்தனவே.

பயன்பெறுவோன் வாங்குவதையும் இவ்விதி தடுக்குமெனச் சிலர் மயங்குவர். அவனுக்குப் பிறர்பாற் பொறுப்பில்லை. ஆதலின் அவன் வாங்கலாம். ஏனைய பயன்பெறுவோர்க்கு நட்டம் வராத விலையைப் பெறுவது பொறுப்பாளரின் கடன். ஒருவனே இரு நிலையிலும் நிற்கும்போதுதான் சிக்கல் எழுகின்றது. தந்தையின் மரணசாசனத்தில் நிறைவேற்றுநராக நியமிக்கப்பட்ட மகனொருவன், அப்பொறுப்பைத் துறப்பதாகக் கையெழுத்திட்டபின், தான் குடியிருப்பாளனாகப் பயிரிட்டு வந்த பண்ணைகளை 1961இற் பகிரங்க ஏலத்தில் வாங்கினான். அவனும் பயன்பெறுவோருள் ஒருவன். துறந்தமை சட்டப்படி செல்லாதெனக் கொண்ட முதல் மன்று விற்பனையைத் தள்ளியது. 1968ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான மேன்முறையீட்டுத் தீர்ப்போ, அவன் பண்ணைகளை அறிந்தது குடியிருப்பாளனாகவே என்றும், உடன்பிறந்தார் தம் நலன்காக்க அவனை நம்பியிருக்கவில்லையென்றும் கண்டு விற்பனையை நிலைநிறுத்தியது. பின்வந்த நீதிபதிகள் அதனை விதியாகக் கொள்ளாது விலக்காகவே கொண்டனர்.