பாலர் நாடக சபைகளும் உடையுங் குரலும்

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் நாடகாசிரியர்களின் வரலாறாகவும் புகழ்பெற்ற நடிகர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியிலே தமிழகத்தின் தொழில்முறை அரங்கைத் தம் குரலாற் பெருமளவு தாங்கிநின்றோர் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களாவர். பாய்ஸ் கம்பனிகள் எனப்பட்ட பாலர் நாடக சபைகளின் திரைக்குப் பின்னாலிருந்த வாழ்க்கையை நோக்கும்போது, அக்காலக் கலையின் சிறப்பும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் ஒருங்கே புலனாகின்றன.

வளர்ந்த நடிகர்களைக் கொண்டு இசை நாடகங்களை நடத்துவது அக்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. தனித்தனியே அமர்த்தப்பட்ட நடிகர் ஒத்திகையின்றி மேடையேறினர். கதையை மறந்து ஒருவரையொருவர் பாட்டாலும் தர்க்கத்தாலும் வெல்ல முனைந்தனர். இந்நிலையில் மனங்கசந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922), ஒழுங்குக்குக் கட்டுப்பட்டுக் கற்கக்கூடிய சிறுவர்களே நாடகத்தைக் காக்கவல்லார் எனக் கருதினார். 1918 இல் மதுரையில் அவர் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இக்கருத்தின் விளைவாகும். ஜெகந்நாத ஐயரின் பால மீனரஞ்சனி சங்கீத சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனி முதலியனவும் இத்துறையிற் பெயர்பெற்று விளங்கின.

இச்சபைகளிற் சேர்ந்த சிறுவர் பலர் வறிய குடும்பத்தினர். இலங்கையிற் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வளர்ந்த எம். ஜி. இராமச்சந்திரனும் அவர் தமையனாரும் ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியைச் சென்றடைந்தமைக்கு வறுமையே காரணம். உணவு, உடை, உறையுள் ஆகியவற்றைச் சபை வழங்கியது. அதற்கு ஈடாகச் சிறுவன் தன் வீட்டையும் பள்ளியையும் விட்டுச் சபையோடு ஊர் ஊராகச் சென்றான். இரவு நெடுநேரம் நாடகம். பகலில் பாட்டும் வசனமும் மனனஞ் செய்தல். ‘வாத்தியார்’ என அழைக்கப்பட்ட ஆசிரியரின் சொல்லே சட்டம். பாடத்தில் தவறியவனுக்கு அடி விழுவது பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது.

பயிற்சியின் நடுநாயகமாக விளங்கியது குரலாகும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறிக் கொட்டகையின் கடைசி வரிசை வரை பாடல் சென்று சேர வேண்டியிருந்தது. உயர்ந்த சுருதியில் நின்று பாடவல்ல பிள்ளைக்கே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வாய்த்தன. ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் பாடல், வசனங்களோடு சுவாமிகள் எழுதி முடித்த செய்தி பலராலும் வியந்து பேசப்படுவது. அந்நாடகம் சிறுவன் ரி. கே. சண்முகத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது என்பதே இங்கு நோக்கற்பாலது. ஒரு குழந்தையின் ஆற்றலை அளந்தறிந்து, அதற்கேற்ப ஆசிரியர் எழுதினார்.

ஆனால், அக்குரல் நிலைத்து நிற்பதன்று. பதினான்கு, பதினைந்து வயதளவில் சிறுவனின் குரல் உடைகின்றது. இதனை மகரக்கட்டு என்பர். இயற்கையான இம்மாற்றம் பாலர் சபையில் ஒரு பேரிடராக இருந்தது. நேற்றுவரை கூட்டத்தைக் கவர்ந்த பிள்ளை இன்று பாட இயலாதவனாகின்றான். அவனைச் சிறு வேடங்களுக்கோ, நகைச்சுவைப் பாத்திரங்களுக்கோ, திரைக்குப் பின்னுள்ள பணிகளுக்கோ மாற்றலாம். அன்றேல் வீட்டுக்கு அனுப்பலாம். வேறு கல்வியோ தொழிலோ அறியாத அவனுக்கு வீடு திரும்புதல் என்பது அனைத்தையும் முதலிலிருந்து தொடங்குதலாகும். பி. யு. சின்னப்பா குரல் உடைந்தபின் சபையை விட்டு நீங்கி, இசையையும் உடற்பயிற்சியையும் விடாது பயின்று, 1940 இல் வெளிவந்த உத்தமபுத்திரன் திரைப்படத்தில் இரட்டை வேடமேற்றுப் புகழ்பெற்றார். அவ்வாறு மீண்டெழும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டவில்லை.

இச்சிக்கலுக்கு ஒரு விடையை மாணவர்களே கண்டனர். சண்முகமும் அவருடைய சகோதரர்களும் சிறுவயதிலேயே தம் தந்தையாருடன் சுவாமிகளின் சபையிற் சேர்ந்தவர்கள். நடிகரான தந்தை உடனிருந்தமை பிற சிறுவர் பலருக்குக் கிட்டாத பேறாகும். சுவாமிகள் இறுதிக் காலத்தில் பாரிசவாதத்தால் பேச்சை இழந்து, 1922 இற் காலமானார். 1925 இல் அச்சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தாமே தொடங்கினர். சிறுவர்களாயிருந்தோர் சபையின் உரிமையாளராயினர். அவர்கள் வளர வளர நாடகங்களும் வளர்ந்தன. பாட்டு மிகுந்த புராணக் கதைகளிலிருந்து வசனம் மேலோங்கிய சமூக நாடகங்களை நோக்கி அவர்கள் நகர்ந்தனர். 1935 இல் அவர்களது மேனகா நாடகம் திரைப்படமாயிற்று. தமிழ் அரங்கில் வசனம் பெற்ற ஏற்றத்திற்குப் பேசும்படமும் சமூகச் சிந்தனையும் காரணங்களாகக் காட்டப்படுவதுண்டு. பாலர் சபைச் சிறுவர்கள் குரல் மாறி வளர்ந்தோராயினர் என்பதையும் அவற்றோடு சேர்த்தெண்ண இடமுண்டு.

இவ்வரங்க மரபு கடல் கடந்து ஈழத்தையும் வந்தடைந்தது. சிறுவனாகவே மேடையேறிய எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சந்தித்து இணைந்து நடித்தது கொழும்பிலேயாம். யாழ்ப்பாணத்தில் கொட்டகைக்கூத்து, ஸ்பெஷல் நாடகம் எனப் பெயர்பெற்று வேரூன்றிய இவ்வரங்கை வி. வி. வைரமுத்து (1924 - 1989) போன்றோர் தம் வாழ்நாள் முழுவதும் பேணினர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் ஈழத்துக் கிராமங்களின் செவிகளிற் பதிந்தமை இவ்வழியாலேயே.

பாலர் சபைகளைக் குருகுலம் எனப் போற்றுவோர் உளர். சிறுவர் உழைப்பைச் சுரண்டிய நிறுவனங்கள் எனப் பழிப்போரும் உளர். இரண்டு கூற்றிலும் உண்மையுண்டு. சாதியாலும் வறுமையாலும் இசைக்கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவை பொருள் பெறாது கலையைக் கற்பித்தன. அதே பிள்ளைகளின் பள்ளிப் பருவத்தையும் வீட்டையும் பறித்துக்கொண்டன. இன்று நாம் அறிந்துள்ள பெயர்கள் குரல் உடைந்த பின்னரும் எஞ்சி நின்றோரின் பெயர்களே. எஞ்சாதோரின் பெயர்கள் எந்த நாடக விளம்பரத்திலும் நிலைக்கவில்லை. அவர்களையும் கணக்கிற் கொள்ளும்போதே தமிழ் இசை நாடகத்தின் வரலாறு நிறைவுபெறும்.