காய்ந்துபோன குழாய்

2003, மார்ச் 14. ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் உள்ள 'அமோய் கார்டன்ஸ்' அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு விருந்தாளி வந்தார். ஷென்ஷென்காரர், வயது 33, சிறுநீரக நோயாளி. சிகிச்சைக்காக ஹாங்காங் வரும்போது 'ஈ' பிளாக்கில் இருக்கும் சகோதரர் வீட்டில் தங்குவார். அன்று லேசாகக் காய்ச்சல். 19-ம் தேதி மறுபடி வந்தபோது வயிற்றுப்போக்கு. டாய்லெட்டுக்குப் போனார்... அவ்வளவுதான்!

மார்ச் முடிவதற்குள் ஆஸ்பத்திரிகளில் அமோய் கார்டன்ஸ்வாசிகளின் கூட்டம். சார்ஸ்! கடைசிக் கணக்கு: அந்தக் குடியிருப்பில் மட்டும் 329 பேருக்குத் தொற்று, 42 பேர் பலி. மார்ச் 31 அன்று 'ஈ' பிளாக்குக்கு சீல் வைத்தார்கள். அதற்குள் பல குடும்பங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டன. மிச்சம் இருந்தவர்களை விடுமுறை முகாம்களில் கொண்டுபோய் வைத்தார்கள்.

முதலில் லிஃப்ட்டைச் சந்தேகப்படத்தான் தோன்றும். ஆனால், கணக்கு உதைத்தது. அது 33 மாடிக் கட்டடம், மாடிக்கு எட்டு வீடுகள். நோயோ ஏழாம், எட்டாம் எண் வீடுகளாகப் பார்த்து, ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறியிருந்தது. லிஃப்ட் அப்படி ஆள் பார்த்தா கொடுக்கும்? அந்த வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஓடியது ஒன்றுதான்... கழிவுநீர்க் குழாய்!

பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். நம்ம ஊர் பிளம்பர்கள் 'நானி டிராப்' என்பார்களே, அதே வேலையைச் செய்கிற சமாசாரம். வளைவில் தேங்கும் தண்ணீர்தான் மூடி. சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அதுதான். அமோய் கார்டன்ஸ்காரர்கள் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. நாசூக்காக ஈரத் துணியால் துடைத்தார்கள். ஓட்டைக்குள் தண்ணீர் போகாததால் வளைவு காய்ந்தது, மூடி திறந்துகொண்டது.

போதாக்குறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன். கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டால், காய்ந்த ஓட்டை வழியாகப் பொதுக்குழாயின் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். யாரோ ஒருவர் ஃப்ளஷ் செய்தபோது தெறித்த கிருமித் திவலைகள் இன்னொருவர் குளியலறைக்கு வந்தன. அங்கிருந்து வீடுகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் இறங்கி, புகைபோக்கியில் ஏறுவதுபோல மேல்மாடிகளுக்கும் போயின. இதில் அழுக்காக இருந்தவர் என்று யாரைச் சொல்வது? துடைத்துத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்ததுதான் வினையாகிப் போனது!

நடைபாதையில் குப்பை கிடந்தால் செக்ரெட்டரியைப் பிடித்து உலுக்கலாம். இது அப்படியில்லை. குழாய் எல்லோருடையது; வளைவு மட்டும் அவரவர் பாத்ரூமுக்குள். மெயின்டனன்ஸ் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? 'பி.காம்' படித்த எனக்கே தெரியவில்லை!

ஏப்ரலில் விசாரணை அறிக்கை வந்தது. அரசாங்கம் மக்களிடம் கேட்டுக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம்... வாரம் ஒருமுறை அந்த ஓட்டையில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்.

2020, பிப்ரவரி. இப்போது கொரோனா. ஹாங்காங்கின் சிங் யீ தீவில் 'ஹாங் மெய் ஹவுஸ்' என்ற அடுக்குமாடி. 13-வது மாடியில் ஒருவருக்குத் தொற்று. பத்து மாடி கீழே, அதே வரிசை வீட்டில் இன்னொருவருக்கு. இந்தத் தடவை அதிகாரிகள் நேரத்தை வீணாக்கவில்லை. அந்த வரிசை வீட்டுக்காரர்களை ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற்றிவிட்டு, நேராகக் குளியலறைக் குழாயைப் பார்த்தார்கள். காற்றுப்போக்கிக் குழாய் ஒன்று சரியாக மூடப்படாமல் இருந்தது.