பிரெஞ்சு இன்ஜினும் காணாமல் போன தண்ணீரும்



எங்கள் ராயப்பன்பட்டிப் பக்கம் பிரெஞ்சுக்காரர் கொடுத்தது எது என்று கேட்டால் பன்னீர் திராட்சை என்பார்கள். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த ரகம் அது என்று சொல்வது வழக்கம். இன்னொரு பிரெஞ்சுச் சரக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் வெகுகாலம் உழைத்தது. விடிவதற்கு முன்பே ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறிய ஜீப்புகள் பலவற்றில் ஓடிய டீசல் இன்ஜின்தான் அது.

இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பது ஒரு கதை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பள்ளிச் சிறுவன். பிறகு அரசாங்க கிளார்க் வேலை. ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான இங்கே வந்து தங்கிவிட்டேன். வந்த மறு வருடம் என் மச்சினன் ஒரு நாள் காலையில் முகம் வாடி வந்து நின்றான்.

"மச்சான், வண்டியில தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல."

அவனிடம் இருந்தது பழைய மகிந்திரா எம்.எம். 540. தினமும் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும். வாசலில் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. முந்தின வாரம் லோயர் கேம்ப் தாண்டி, ஒரு வளைவில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வண்டிக்குள் பத்துப் பதினோரு பெண்கள். அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன பையனின் கையை ஒரு அம்மா தட்டிவிட்டார்களாம். இல்லையென்றால் கொதிநீர் அவன் முகத்தில் அடித்திருக்கும்.

ஒரு மெக்கானிக், ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. வண்டியை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. கணக்கு எழுதத் தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, எங்கே போனாய், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாய், வண்டியில் என்ன மாற்றினாய் என்று தேதி போட்டு எழுதச் சொன்னேன். கம்பத்தில் வேறொரு பட்டறைக்கும் அழைத்துப் போனேன். அங்கிருந்த இளைஞர் பானெட்டைத் திறந்ததும், "இது பீஜோட் இன்ஜின் சார்" என்றார். தகட்டில் எக்ஸ்.டி.பி. 4.90 என்று இருந்தது. "தம்பி, அது பெழோ. பிரெஞ்சுப் பெயர்" என்றேன். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயர் பெழோ சார்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பிறகு தேடிப் படித்தேன். டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர் என்றாலும் பிறந்தது பாரிசில், 1858இல். பெழோ குடும்பம் கார் செய்வதற்கு முன் ரம்பமும் காப்பிக்கொட்டை அரைக்கும் மில்லும் செய்தது. அவர்களுடைய சிங்க முத்திரை ரம்பத்துக்கு வைத்த முத்திரைதான். டீசல் வேலைக்கு வட பிரான்சின் லீல் நகரில் இந்தனோர் என்ற கிளை நிறுவனம் இருந்தது. 1959இல் பெழோ 403 காரை டீசலில் ஓட்டினார்கள்.

நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை வைத்துத் தொடங்கியது. அவை பெட்ரோல் குடிக்கும் வண்டிகள். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. டீசலுக்கு மாறாமல் முடியாது என்ற நிலையில், 1979இல் எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினை இங்கேயே செய்ய பெழோவிடம் உரிமம் வாங்கினார்கள். மகாராஷ்டிராவில் இகத்புரி ஆலையில் அது தயாரானது. பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவும் 90 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 2112 சி.சி.

சரி, நோட்டுக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தோம். கம்பம் சந்தைக்குப் போய் வந்த நாட்களில் தண்ணீர் குறையவே இல்லை. குமுளி ஏறிய நாட்களில் மட்டும் அரை லிட்டர் போயிருந்தது. நடுவில் ஒரு தேதியில் ரேடியேட்டர் மூடி பழசாகிவிட்டது என்று புதிது போட்டிருந்தான். அந்தத் தேதிக்குப் பிறகு அரை லிட்டர் ஒரு லிட்டராகிவிட்டது! புது மூடி போட்டால் குறைய வேண்டிய நஷ்டம் கூடியிருந்தது.

இதைக் காட்டியதும் அந்த இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் விளக்கியது இதுதான். 300 மீட்டர் உயரம் ஏறினால் தண்ணீர் ஏறத்தாழ ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். குமுளி 800 மீட்டருக்கு மேல். ஏற்றத்தில் இன்ஜினுக்கும் சூடு அதிகம். கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடிதான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. புதியது பிடித்தது. அந்த அழுத்தம் எங்கோ இருந்த ஓட்டை வழியே தண்ணீரைத் தள்ளியது.

ஹெட் கேஸ்கட் சந்தேகத்தையும் அவரே தீர்த்தார். ஆயில் பால் போல வெளுக்கவில்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. பிறகு இன்ஜினைக் கழுவி, துடைத்து, முன்பக்கம் முழுவதும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். நானும் ஏறிக்கொண்டேன். ஆளேற்றாமல் லோயர் கேம்ப் வரை போய், மலையில் நாலைந்து வளைவு ஏறி நிறுத்திப் பானெட்டைத் திறந்தோம்.

ஃபேனுக்குப் பின்னால் வாட்டர் பாடியின் அடியில் பவுடர் நனைந்து ஒரு கோடு. டார்ச் அடித்துப் பார்த்தால், கழுவியும் போகாத வெள்ளை உப்புத் தடம். பல வருடமாக ஊற்றிய கிணற்றுத் தண்ணீரின் கையெழுத்து அது. உள்ளே சீல் தேய்ந்திருந்தது. ஓடும்போது கசிந்த நீரை ஃபேன் காற்று இன்ஜின் மேல் சிதறடித்தது. சூட்டில் அது ஆவியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நிற்கும்போது அழுத்தமும் இல்லை, ஒழுகலும் இல்லை.

நீர் வந்தது ஒரு சின்னத் துளை வழியாக. "எம்.சீல் வச்சு அடைச்சிருவமா?" என்றான் மச்சினன். மெக்கானிக் தலையை ஆட்டினார். சீல் போனால் தெரியட்டும், நீர் பேரிங்குக்குள் இறங்காமல் வெளியே போகட்டும் என்று செய்தவர்களே விட்ட துளை அது. அடைத்தால் பேரிங் துருப்பிடித்து இறுகும். அப்புறம் ஃபேன் ரேடியேட்டரையே கிழித்துவிடலாம்.

பள்ளியில் படித்த ஒரு பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. 1914 செப்டம்பரில் பாரிஸ் டாக்சிகள் மார்ன் போர்முனைக்குச் சிப்பாய்களை ஏற்றிப் போயின. பெரும்பாலும் ரெனோ வண்டிகள். அவற்றில் வாட்டர் பாடியே கிடையாது. சூடான நீர் மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும், அவ்வளவுதான். பம்ப் இல்லாததால் பம்ப் ஒழுகாது. எங்கள் மலைக்கு அது போதாது.

மதுரையிலிருந்து வாட்டர் பாடி கிட் வந்தது. செலவு சில நூறு ரூபாயோடு முடிந்தது. கிணற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கூலண்ட் ஊற்றினோம். ஜீப் மேலும் சில வருடம் மலை ஏறியது. மகளும் நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறாள்.

பிரெஞ்சில் ஒழுகலுக்கு ஃபுய்த் என்று பெயர். ஓடிப்போவதற்கும் அதே சொல்தான். ஓடிப்போனவனைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்பது. வண்டியோ வீட்டுக் குழாயோ, எதையும் பிரிப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி அதை எழுதிவையுங்கள். மச்சினனின் அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.