படத்தின் பின்புறம்



நம் தோட்டத்து வீடுகளின் நடு அறைச் சுவரில் ஒரு வரிசை உண்டு. முதலில் சாமி படங்கள். அடுத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் தாத்தாவும் பாட்டியும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். பின்னால் தூண்களும் மாளிகையும் தீட்டிய திரை. ஜாசினிலோ, அலோர் காஜாவிலோ, மலாக்காப் பட்டணத்திலோ இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படமாக இருக்கும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்கள்கூட அந்தச் சட்டத்தைப் பழஞ்சேலையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அதை ஒருமுறை இறக்கி, பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே ஒன்றும் எழுதியிராது. அந்த வெற்று அட்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு நாம் 1862ஆம் ஆண்டுப் பினாங்குக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில் ஜான் தாம்சன் என்ற இளைஞர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1837இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். கண்ணாடி வில்லைகளும் அறிவியல் கருவிகளும் செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர். அவருடைய அண்ணன் வில்லியம் முன்னரே சிங்கப்பூரில் இருந்தார். அண்ணனும் தம்பியும் கப்பல்களுக்கு வேண்டிய கடிகாரங்கள், கருவிகள் ஆகியவற்றோடு நிழற்படத் தொழிலையும் சேர்த்து நடத்தினார்கள். பின்பு தம்பி பினாங்குக்குச் சென்று, அங்கும் எதிர்க்கரையான வெல்லெஸ்லி மாகாணத்திலும் பத்து மாதம் தங்கினார். இன்று செபராங் பிறை என்கிறோமே, அந்த இடந்தான். அங்கே அப்போது கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் நம்மவர்கள் உழைத்தார்கள். பால்மரம் இன்னும் வரவில்லை. டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரத்தை வாணிபத்துக்காக நட்டது 1896இல். அதற்குப் பிறகே புக்கிட் அசகான் பெருந்தோட்டம்.

படம் எடுப்பது தாம்சனுக்குத் தொழிலாகவும் இருந்தது, பொழுதுபோக்காகவும் இருந்தது. மனத்துக்குப் பிடித்த வேலை, பணமும் தருகிறது, ஊர் சுற்றவும் விடுகிறது என்ற மகிழ்ச்சியைப் பின்னாளில் தம் நூலிலும் காட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பொழுதுபோக்கு இலேசானதன்று. இன்று கைப்பேசியை நீட்டித் தட்டினால் படம். அன்று என்ன செய்ய வேண்டும் தெரியுமா?

முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பழுதில்லாமல் துடைக்க வேண்டும். அதன்மேல் கொலோடியன் என்ற பசைபோன்ற மருந்தை ஊற்றி, தகட்டை நான்கு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஒரே சீராகப் படரவிட வேண்டும். தோசைக்கல்லில் மாவு பரப்புவது போல, ஆனால் கரண்டி வைக்கக் கூடாது. பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் அதை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காயுமுன் காமிராவில் செருகிப் படம் பிடித்து, காயுமுன்னே மீண்டும் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். தகடு காய்ந்தால் படம் போச்சு. குளிர் நாட்டிலேயே இதற்குச் சில நிமிடந்தான் கெடு. நம் ஊர் வெயிலில் எப்படி இருந்திருக்கும்! கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள், தண்ணீர், மூன்றுகால் தாங்கி எல்லாம் ஆள் சுமையாகவே போயின.

இது பாதி வேலை. அடுத்தது அச்சிடுதல். முட்டை வெண்கரு பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் நனைத்து உலர்த்தி, கண்ணாடித் தகட்டோடு ஒட்டவைத்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைப்பார்கள். வெயிலே படத்தை அச்சிடும். எப்போது எடுப்பது என்பதைக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும். சற்று முந்தினால் வெளிறும், பிந்தினால் கறுக்கும்.

இந்த வேலைக்குத் தாம்சன் உதவியாள் தேடினார். மனிதக் கை படாமல் உருவம் உண்டாக்குவது பேய் வேலை என்று சீனர்கள் ஒதுங்கிவிட்டார்களாம். ஆகவே மதராஸ்காரர் இருவரைப் பழக்கி, அச்சிடுபவர்களாகவும் துணையாட்களாகவும் வைத்துக்கொண்டதாக அவரே எழுதுகிறார். 'கிளிங்' என்று பினாங்கில் அவர்களை அழைப்பார்கள் என்றும் சொல்கிறார். பிற்காலத்தில் புண்படுத்தும் சொல்லாகிவிட்ட அது, அக்காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்குப் பொதுப்பெயர். மலாக்காவிலுள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் அது இன்னும் நிற்கிறது.

நேயர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மலாயா மண்ணில் நிழற்படக் கலை நடை பழகிய நாளிலேயே, மருந்துக் கறை படிந்த விரல்களோடு நம்மவர் இருவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் அல்லர் அவர்கள், தொழில் தெரிந்தவர்கள். அவர்களுடைய பெயர் என்ன? தாம்சனின் நூல் 1875இல் வந்தது. நம் மலாக்கா நீரிணையின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய நூல். அதில் இரண்டு பேர் என்ற எண் இருக்கிறது. பெயர் இல்லை.

தாம்சன் கெட்ட மனிதர் அல்லர். சயாம், அங்கோர், சீனா என்று அலைந்து அரிய படங்களைத் தந்தவர். அவருடைய கண்ணாடித் தகடுகள் அறுநூற்றுக்கு மேல் லண்டனிலுள்ள வெல்கம் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. ஊர் திரும்பியபின் லண்டன் தெருக்களில் பிழைத்த ஏழைகளைப் படம் பிடித்து, அடால்ஃப் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து 1877, 1878 ஆண்டுகளில் ஒரு நூலாக வெளியிட்டார். உள்ளதை உள்ளபடி காட்டும் படக்கலைக்கு அது ஒரு முன்னோடி. அந்த நூலில் கையிழந்து இரும்புக் கொக்கி மாட்டிக்கொண்ட ஒருவருக்குப் பெயர் இருக்கிறது: ஹூக்கி ஆல்ஃப். நாடோடி வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்கும் பெயர் இருக்கிறது. தம் ஊர் ஏழை என்றால் பெயர் கேட்கத் தோன்றுகிறது. கடல் கடந்த ஊரில் தம்மோடு வேலை செய்தவரிடம் அது தோன்றவில்லை. என் மனத்தை உறுத்துவது இந்த வேறுபாடே.

இதே கதை இலங்கைத் தோட்டத்திலும் நடந்திருக்கிறது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில், 1863ஆம் ஆண்டு முடிவில், மகள் பொழுதுபோக்குக்காக ஒரு காமிராவைப் பரிசளித்தார். அதுவரை அவருக்கு அந்தக் கலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. இங்கிலாந்தில் தாம் குடியிருந்த வைட் தீவு வீட்டில், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக் கூண்டைக் கண்ணாடி மாடமாக மாற்றிப் படக்கூடம் ஆக்கினார். கோழிகள் எங்கே போயின என்று கேட்காதீர்கள்! முதலில் பிரெஞ்சுக்காரர் ஜாமின் செய்த லென்ஸ். பிறகு 1866இல் டால்மேயர் செய்த பெரிய லென்ஸும், பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தகடு கொள்ளும் பெரிய காமிராவும். முகம் கூர்மையாக விழவில்லை என்று நிபுணர்கள் குறை சொன்னார்கள். அந்த மங்கலே தமக்கு அழகு என்று அம்மையார் விடாப்பிடியாக இருந்தார். அவர் எடுத்த ஹெர்ஷல், டார்வின், கவிஞர் டென்னிசன் ஆகியோரின் முகங்களை இன்றும் உலகம் போற்றுகிறது. அவருக்கு மாதிரியாக உட்கார்ந்த வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயரும் நமக்குத் தெரியும்.

கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இருவரும் அங்கே குடியேறினார்கள். களுத்துறையிலும் மலைத் தோட்டங்களிலும் அம்மையார் படம் பிடித்தார். அவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத்தில் உழைத்த நம் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் அவற்றில் இருக்கிறார்கள். நகையணிந்து, நேராகப் பார்த்து, டார்வினுக்குக் கிடைத்த அதே ஒளியில் நிற்கிறார்கள். ஆனால் படங்களின் தலைப்போ, 'இலங்கைப் பெண்', 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற வகையில்தான். அம்மையார் 1879இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவருடைய கல்லறை எது என்று காட்ட முடியும். அவர் படத்தில் நின்ற நம் பெண் யார் என்று காட்ட முடியாது.

இனி, பெயர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1908 முதல், பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுபிள்ளைகளைப் படம் பிடிக்கும் பணியில் முழுநேரமாக இறங்கினார். ஒட்டுப்பால் பொறுக்க விடியலில் அம்மாவோடு போன நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய படங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா. ஆலை முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே வேதப் புத்தகம் விற்பவர் போலவும், அஞ்சலட்டை விற்பவர் போலவும் வேடமிட்டு நுழைவார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று முன்பே அளந்து வைத்திருப்பார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால், எந்தப் பொத்தான் வரை எட்டுகிறது என்பதைக் கொண்டு உயரம் கணக்கிடுவார். சட்டைப் பைக்குள் கைவிட்டு யாரும் அறியாமல் குறித்துக்கொள்வார். தெற்குக் கரோலைனாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் 1908 நவம்பரில் எடுத்த ஒரு படத்தின் குறிப்பில் சேடி ஃபைஃபர் என்ற பெயர், உயரம் 48 அங்குலம், வேலையில் சேர்ந்து அரையாண்டு என்பவை எல்லாம் இருக்கின்றன. "இது பொய்ப் படம்" என்று முதலாளிகளால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 1916இல் ஒரு சட்டம் வந்தது. 1918இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1938இல்தான் நிலைத்து நின்ற சட்டம் வந்தது. படம் மட்டும் இதைச் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெயரும் அளவும் இல்லாதிருந்தால் அவை பரிதாபப் படங்களாக மட்டும் இருந்திருக்கும்.

காமிராவும் காலப்போக்கில் எளிதாயிற்று. ஜெர்மனியில் லைட்ஸ் என்ற நுண்ணோக்கி நிறுவனத்தில் வேலை செய்த ஆஸ்கர் பார்னாக் என்பவருக்கு மூச்சிளைப்பு நோய். மலை ஏறிப் படம் பிடிக்க ஆசை. பெட்டியைச் சுமக்கத் தெம்பில்லை. அதனால் சினிமாப் பிலிமைக் கொண்டு, கைக்கு அடங்கும் காமிரா ஒன்றைத் தமக்காகச் செய்துகொண்டார். அதுவே 1925இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் முப்பத்தாறு படம். 1929இல் ரோலிபிளக்ஸ் வந்தது. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் பெட்டி. பிறகு அதே சாயலில் யாஷிகா. தோட்டத்துக் கல்யாணங்களில் நம் முதியவர்கள் கண்ட பெட்டி அந்த வகைதான். பன்னிரண்டு படத்தில் சுருள் தீர்ந்துவிடும். ஆகவே மாமன் மச்சான் எல்லாரையும் ஒரே படத்தில் அடுக்கி நிறுத்துவார்கள்.

ஆனால் தோட்டத்தில் பலருக்கு முதற்படம் கல்யாணத்தில் எடுத்ததன்று. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. காவலுக்காக எடுத்த படம் அது, அழகுக்காக எடுத்ததன்று. ஆயினும் அதில் ஒரு புதுமை இருந்தது. முகத்தோடு பெயரும் இருந்தது. எழுதியவர் காதில் விழுந்தபடி திரிந்த பெயராக இருக்கலாம், இருந்தாலும் பெயர். அதற்கு ஆறாண்டு முன்னால், 1942 முதல், ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன நம்மவர்களுக்கு அந்த அளவுகூட இல்லை. போனவர்கள் யார் யார், திரும்பாதவர்கள் யார் யார் என்பதற்கு முழுப் பட்டியல் எங்கும் கிடையாது. போகுமுன் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம் எந்த வீட்டிலாவது மிஞ்சியிருந்தால், அது அவருக்கு இருக்கும் ஒரே பதிவாகவும் இருக்கலாம்.

எழுதுவது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம்; அழுத்தினால் முன்பக்கத்தில் வரி எழும், மையும் நாளடைவில் ஊறும். மெதுவான பென்சில் போதும். விளிம்போரம் எழுதுங்கள்: பெயர், தோட்டம், தெரிந்தால் ஆண்டு, யாருக்கு யார் என்ன முறை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். சட்டத்தின் பின் அட்டையில் எழுதினால் போதும். கைப்பேசியில் ஆயிரம் படம் வைத்திருக்கும் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் உண்டு. ஜாசின் பக்கத் தோட்டம் ஒன்றில், பெரட்டுக் களத்தில் பத்தொன்பது பேர் நிற்கும் படம். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. எண்பதைத் தாண்டிய என் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினெட்டுப் பெயர் வந்தது. வலக்கோடியில், வாளியைப் பிடித்து நிற்கும் ஒல்லியான மனிதரிடம் விரல் நின்றுவிட்டது.

"பேரு ஞாபகம் வரலியே, தம்பி. பக்கத்துத் தோட்டத்திலேருந்து வந்தவரு. மழ வந்து பாலெல்லாம் கெட்டுப்போற நாள்ல, நாங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஸ்டோருக்குத் திரும்புவோம். அவரு மட்டும் பாடிக்கிட்டே வருவாரு. எழுதிக்கோ."

அதை அப்படியே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.