7 வாரக் கணக்கு பிறந்த கதை

1924 ஜனவரி 12 அன்று புனேயின் ஏரவாடா சிறையிலிருந்து ஒரு கைதியை ஆற்றைத் தாண்டி சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கைதி, காந்தி. குடல்வால் அழற்சி முற்றியிருந்தது. அவருக்குத் தெரிந்த டாக்டர்கள் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை பொறுக்க முடியாது என்று அறுவை மருத்துவர் கர்னல் மேடாக் முடிவெடுத்தார். அப்போது புனேயில் இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை ஆள் அனுப்பி அழைத்தார்கள். சம்மத அறிக்கையில் காந்தி கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே மின்விளக்கு அணைந்தது, டார்ச்சும் கைவிட்டது, கடைசியில் ஹரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். பிப்ரவரி 5-ஆம் தேதி அரசு அவரை விடுதலை செய்தது.

புனேயில் ஆபரேஷன் பேச்சு எடுத்தால் யாராவது இந்தக் கதைக்கு வந்துவிடுவார்கள். அது அன்றிரவே செய்தாக வேண்டிய ஆபரேஷன். ஆனால் ஆஸ்பத்திரிகளில் நடப்பதில் பெரும்பகுதி நாள் குறித்துச் செய்வது: குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, கண்புரை. அங்கே "எப்போது?" என்ற கேள்விதான் உயிரைக் காக்கிறது. கொரோனா வந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் பிறந்தது: தொற்று தெரிந்த நாளிலிருந்து 7 வாரம்.

அதன் வேர் பழையது. டான்சில் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிள்ளைக்கு முந்தின நாள் மூக்கு ஒழுகினால், மயக்க மருந்து டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "சில வாரம் கழித்து வாங்க" என்று திருப்பி அனுப்புவார். லீவு போட்டு வந்த பெற்றோருக்கு எரிச்சலாக இருக்கும், சளிதானே என்பார்கள். சளி நின்ற பிறகும் சில வாரங்களுக்கு மூச்சுக்குழாய் சிடுசிடுப்பாகவே இருக்கும். அதில் செயற்கை மூச்சுக்கான குழாய் இறங்கும்போது குரல்வளை இறுகி மூச்சே அடைபடலாம். அந்த டாக்டர் செய்தது சரி. ஆனால் சளி கண்ணுக்குத் தெரிகிறது. காய்ச்சலோ இருமலோ எதுவுமே இல்லாமல் ஒருவர் வைரஸோடு வந்து மேஜையில் படுத்தால்?

அப்படித்தான் நடந்தது, வூஹானில். 2020 ஜனவரி 1 முதல் பிப்ரவரி 5 வரை அந்நகரின் 4 மருத்துவமனைகளில், முன்பே நாள் குறித்த ஆபரேஷன்களுக்கு வந்தவர்களில் 34 பேர் பிறகு கொரோனா நோயாளிகளானார்கள். வந்தபோது யாருக்கும் அறிகுறி இல்லை. வைரஸ் உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் நுரையீரல் அழற்சி கண்டது. 15 பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். 7 பேர் இறந்தார்கள். தள்ளிப்போட்டிருக்கக்கூடிய ஆபரேஷனுக்காக வீட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் என்று நினைக்கும்போது இந்த எண்ணைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

34 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அனீல் பாங்கு, டிமித்ரி நெபோகோடியெவ் ஆகியோர் முன்னின்று நடத்திய கோவிட்சர்ஜ் குழு, நாடு நாடாக அறுவை மருத்துவர்களிடமிருந்து கணக்குச் சேர்த்தது. 2020 மே மாத இறுதியில் லான்செட் இதழில் முதல் முடிவு வந்தது. ஆபரேஷனை ஒட்டித் தொற்று உறுதியான 1,128 பேரில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். பாதிப்பேருக்கு மேல் நுரையீரல் சிக்கல்.

காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கத்தி பட்டாலே உடம்பில் அழற்சி கிளம்பும், எதிர்ப்பாற்றல் சில நாட்களுக்குத் தணியும், ரத்தம் உறையும் போக்கு கூடும். மயக்கத்தில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும். வலியில் நோயாளி இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார். கொரோனா தாக்குவதும் இதே இடங்களை: நுரையீரல், ரத்தக்குழாயின் உட்சுவர். இரண்டு அடியும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் விழுகின்றன.

நாள் எண்ண வேண்டுமானால் முதல் நாள் எது என்று தெரிய வேண்டும். அறிகுறியே இல்லாதவருக்கு அதைச் சொல்வது பரிசோதனை மட்டும்தான். இங்கே புனே மறுபடி கதைக்குள் வருகிறது. 2020 ஜனவரி 30 அன்று, கேரளத்திலிருந்து வந்த மாதிரியில் இந்தியாவின் முதல் தொற்றை உறுதிசெய்தது புனேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். மார்ச்சில் முதல் உள்நாட்டுப் பரிசோதனைக் கிட்டுக்கு அனுமதி கிடைத்தது. தயாரித்தது புனேயின் மைலேப் நிறுவனம். கிட்டை உருவாக்கிய குழுவை நடத்திய மினல் போசலே நிறைமாதக் கர்ப்பிணி. மதிப்பீட்டுக்குக் கிட்டை ஒப்படைத்துவிட்டு மறுநாள் பெண் குழந்தை பெற்றார். இரண்டரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் கிட் அது. மூக்கில் குச்சி விட்டுப் பார்க்காமல் மேஜைக்கு ஏற்றுவதில்லை என்ற வழக்கம் பிறகு ஊரூராகப் பரவியது.

"மறுபடி டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்தால் போதாதா?" என்று நிறையப் பேர் கேட்டார்கள். போதாது. ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செத்த வைரஸின் துணுக்கைக்கூட வாரக்கணக்கில் பாசிட்டிவ் என்று காட்டும். நெகட்டிவ் வந்தாலும் நுரையீரல் ஆறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

எத்தனை வாரம் என்பதைச் சொன்னது அதே குழுவின் அடுத்த ஆய்வு. 2020 அக்டோபரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், 116 நாடுகள், 1,674 மருத்துவமனைகள், 1,40,231 பேர். அவர்களில் 3,127 பேருக்கு முன்பே தொற்று வந்திருந்தது. தொற்றே வராதவர்களில் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று தெரிந்து 6 வாரத்துக்குள் செய்துகொண்டவர்களுக்கு அது 4 சதவீதத்தை ஒட்டி நின்றது. 7 வாரம் தாண்டியதும் மறுபடி 1.5-க்கு இறங்கியது. 2021 மார்ச்சில் அனஸ்தீசியா இதழில் இது வந்ததும் 7 வாரம் விதியானது. அதே ஆய்வில் இன்னொரு வரிசையும் உண்டு. 7 வாரத்துக்குப் பிறகும் அறிகுறி தொடர்ந்தவர்களில் இறப்பு 6 சதவீதம். அறிகுறி வந்து போனவர்களில் 2.4, அறிகுறியே இல்லாமல் தொற்று கண்டவர்களில் 1.3. பொறுத்திருந்தால், அறிகுறியற்றவர் மற்றவர்களைப் போலவே பத்திரமாக எழுந்து வருகிறார். எனக்கு இந்த ஆய்வின் மிகப் பெரிய நல்ல செய்தி இதுதான்.

காத்திருப்புக்கும் விலை உண்டு. தொற்று உச்சத்திலிருந்த 12 வாரங்களில் உலகெங்கும் 2.84 கோடி ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும் என்று இதே குழுதான் 2020 மே மாதத்தில் மதிப்பிட்டது. புற்றுநோய்க் கட்டி 7 வாரம் சும்மா இருக்காது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஊரடங்கின் நடுவிலும் கதவைச் சாத்தவில்லை. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் இறுதி வரை அங்கே 494 பெரிய புற்றுநோய் ஆபரேஷன்கள் நடந்தன. ஒருவர்கூட இறக்கவில்லை. பிறகு தொற்று தெரிந்தவர்கள் 6 பேர். அவர்களுக்கும் தீவிர சிகிச்சை தேவைப்படவில்லை. வூஹானைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்தியவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்திருக்க வேண்டும்.

7 வாரம் என்பது தடுப்பூசி வருவதற்கு முந்தைய உடம்புகளில் எடுத்த கணக்கு. ஊசியும் ஒமிக்ரானும் வந்த பிறகு விதி இளகியது. லேசாக வந்து முழுதாகக் குணமான, வேறு நோய் இல்லாதவருக்கு 2 வாரத்துக்குப் பிறகே செய்யலாம் என்று பிரிட்டிஷ் மயக்க மருந்து, அறுவை மருத்துவ அமைப்புகளின் நிபுணர்கள் 2023-இல் திருத்தினார்கள். மூச்சு வாங்குபவரும் நாள்பட்ட நோய் உள்ளவரும் டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் நாள் குறிக்க வேண்டும். அதனால் ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் "சமீபத்தில் காய்ச்சல், சளி, கோவிட் ஏதாவது?" என்று கேட்டால், தேதி தள்ளிப்போகுமே என்று மறைக்காதீர்கள். போன வாரம் வீட்டில் வேறு யாருக்காவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.