ரமழானுக்கு ‘ழ’ எப்படி வந்தது?



நோன்பு நெருங்கினால் நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாக்குவாதமும் கூடவே வந்துவிடும். ரமழானா, ரமலானா, ரமதானா? ‘ழ’ போடுவது அரபு தெரியாத பழைய ஆட்களின் பிழை என்று சில தம்பிமார் எழுதுகிறார்கள். ரமழான், வுழூ, பர்ழு, காழி என்று எழுதிவைத்த நம் முன்னோர் அப்படியொன்றும் காது மந்தமானவர்கள் இல்லை.

தகராறு முழுக்க ‘ழாத்’ என்ற ஓர் எழுத்தில்தான். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், எழுத்துகளை அவை வாயில் பிறக்கும் இடத்தை வைத்து அடுக்கி ஓர் அகராதி செய்தார். அடித்தொண்டையில் பிறக்கும் ஐன் முதலில் வருவதால் அதன் பெயரே ‘கிதாபுல் ஐன்’. அவருடைய மாணவர் ஸீபவைஹி ஒரு பாரசீகர். அரபு ஒலிகளுக்கு 16 பிறப்பிடங்களைக் கணக்கிட்டவர். ழாத்துக்கு அவர் காட்டிய இடம், நாக்கின் பக்க விளிம்பும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களும். அதாவது மூச்சு நாக்கின் பக்கவாட்டால் வெளியேறும். இன்று கெய்ரோவில் கேட்கும் கனத்த ‘த’ அப்படியல்ல. அதில் நாக்கின் முன்பகுதி மூச்சை அடைத்துத் திறக்கிறது.

ஆக, பழைய ழாத் லகரத்துக்குச் சொந்தக்காரன். சாட்சி பல நாடுகளில் கிடக்கிறது. ஸ்பெயினில் ‘அல் காழி’ என்ற சொல் ‘அல்கால்தே’ ஆனது; நடுவில் ஒரு ‘ல்’ வந்து உட்கார்ந்துவிட்டது. ஆபிரிக்காவின் ஹவுசா மொழியில் அது ‘அல்காலி’. ‘ரிழா’ என்ற சொல் மலாயில் ‘ரெலா’.

இனித் தமிழுக்கு வருவோம். தொல்காப்பியத்துக்கும் இதே அக்கறை இருந்தது. பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்கள். நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தடவினால் ர, ழ. நாக்கின் விளிம்பு தடித்துப் பட்டால் ல, ள. குரல்வளையில் பிறப்பது அதிர்வு மட்டுந்தான். நாக்கு வாயறையின் வடிவத்தை மாற்ற, அதே அதிர்வு வேறு எழுத்தாகக் கேட்கிறது.

இந்தக் கணக்கில் ழாத்துக்கு அடுத்த வீடு ‘ள’. பிறகு ஏன் ‘ழ’? பசறையிலும் லுணுகலையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் மழையை ‘மள’ என்பார்கள். பதுளை டவுனில் நம் வாயில் வருவதும் பெரும்பாலும் அதுதான். எழுத்தில் ‘ழ’, நாக்கில் ‘ள’. சாதாரண லகரம் அல்ல என்று பிரித்துக் காட்டவே முன்னோர் ‘ழ’வைப் பிடித்தார்கள் என்பது நமது கணிப்பு. அரபுத் தமிழிலும், தமிழின் நாவளை ஒலியை எழுத ழாத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தார்கள். அந்தக் காதுகள் இரண்டு ஒலிகளையும் உறவாகவே கேட்டிருக்கின்றன.

ஓதும்போது எப்படி மொழிவது என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் பேசுவது எழுத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும். ‘வாளப்பளம்’ என்ற தோட்டத்துப் பிள்ளையை வகுப்பே சிரிக்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் ழாத் வராத பிள்ளை அடி வாங்குகிறது. இரண்டு பேருக்கும் நாக்கு எங்கே போகவேண்டும் என்று யாரும் காட்டவில்லை. ஒரு கைக்கண்ணாடியைக் கொடுங்கள். ‘ர’ சொல்லச் சொல்லி, நுனியை இன்னும் உள்ளே வளைத்து, எங்கும் முட்டாமல் நிறுத்தச் சொல்லுங்கள். பழகப் பழக ‘ழ’ வந்துவிடும்.

வாப்பா, உம்மும்மா காலத்து அரபுத் தமிழ்க் கிதாபு யார் வீட்டிலாவது இருந்தால், புள்ளி வைத்த ழாத் உள்ள ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் கீழே போடுங்கள்.